பாசியா, கருவாடா, ஓலையா: இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது எப்படி?

மாசியில் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினியின் மகளிர் குழுவுக்குக் கடன் கிடைத்திருந்தது. அதை எதில் போடுவது என்று மூன்று வாரமாகப் பேச்சு. மூங்கில் மிதவை கட்டிக் கடலில் பாசி வளர்க்கலாம், கருவாடு போடலாம், இல்லையென்றால் பனையோலையில் பெட்டியும் கொட்டானும் முடைந்து விற்கலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாகப் பேசுகிறவர் பக்கம் எல்லாரும் சாய்வார்கள். மறுநாள் பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

"நீ கணக்குப் படிச்சவன்தான தம்பி, ஒரு வழி சொல்லேன்" என்றார் மதினி. அன்று அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு நோட்டில் போட்ட கணக்குதான் இது. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். கனமூலத்துக்கு மட்டும் போனில் உள்ள கால்குலேட்டர் வேண்டும்.

ஏன் இரண்டிரண்டாக?

ஒரு கூடை நெத்திலியைக் காட்டி நூற்றுக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் ஏலக்காரரே யோசிப்பார். இரண்டு கூடையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது நயம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மனித மனம் ஒப்பிடுவதில் கெட்டி. 1927-லேயே தர்ஸ்டன் என்ற உளவியலாளர் இதை வைத்து அளவிடும் முறை ஒன்றைச் சொன்னார். 1970-களில் தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளர் அதைப் பல அளவுகோல்கள் உள்ள முடிவுகளுக்கு ஏற்றபடி விரித்தார். அவர் முறைக்கு அனலிட்டிக் ஹைராக்கி பிராசஸ், சுருக்கமாக ஏ.எச்.பி. என்று பெயர்.

படி 1: அளவுகோல்களை எழுதுங்கள்

மதினி சொன்னவை மூன்று: வருமானம், முதல் (போடுகிற முதலீடு) குறைவு, காற்றும் மழையும் அடிக்கிற காற்றுக் காலத்திலும் தொழில் ஓடுவது. கடைசியை இனி 'காற்று' என்றே எழுதுகிறேன். ஏழெட்டு அளவுகோல் வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். மூன்றுக்கு மூன்று ஒப்பீடு போதும், ஏழுக்கு இருபத்தொன்று ஆகும். பதினைந்தாவது கேள்வியில் ஆள் கொட்டாவி விட்டுவிடுவார்.

படி 2: இரண்டை எடுத்துக் கேளுங்கள்

எது முக்கியம், எவ்வளவு முக்கியம்? பதிலை 1 முதல் 9 வரை ஓர் எண்ணாக்குங்கள். 1 என்றால் இரண்டும் சமம். 3 கொஞ்சம் மேல், 5 நன்றாகவே மேல், 7 ரொம்ப மேல், 9 என்றால் பேச்சுக்கே இடமில்லை. இரட்டை எண்கள் இடைப்பட்டவை. எதிர்ப்பக்கம் தலைகீழாக வரும்: வருமானம் முதலைவிட 3 என்றால், முதல் வருமானத்தைவிட 1/3.

மதினியின் முதல் பதில்கள்: வருமானம் முதலைவிட 3, முதல் காற்றைவிட 2, காற்று வருமானத்தைவிட 2.

| | வருமானம் | முதல் | காற்று |
|---|---|---|---|
| வருமானம் | 1 | 3 | 1/2 |
| முதல் | 1/3 | 1 | 2 |
| காற்று | 2 | 1/2 | 1 |

படி 3: எடை (எது எவ்வளவு முக்கியம் என்ற பங்கு) காணுங்கள்

ஒவ்வொரு வரியிலும் உள்ள எண்களைப் பெருக்கிக் கனமூலம் எடுங்கள். (நான்கு அளவுகோல் என்றால் நான்காம் மூலம்.) இங்கே 1.145, 0.874, 1. கூட்டினால் 3.019. ஒவ்வொன்றையும் அதால் வகுத்தால் எடைகள்: 0.379, 0.289, 0.331.

படி 4: முரண் இருக்கிறதா?

பல பேர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

மேலே உள்ள பதில்களை மறுபடி படியுங்கள். வருமானம் முதலை மிஞ்சுகிறது, முதல் காற்றை மிஞ்சுகிறது, காற்று வருமானத்தை மிஞ்சுகிறது. செக்குமாடு மாதிரி சுற்றி வந்த இடத்துக்கே வந்துவிட்டோம். மூன்று கேள்விதான் என்பதால் கண்ணுக்கே தெரிகிறது. பெரிய அட்டவணையில் தெரியாது, கணக்குதான் காட்டிக்கொடுக்கும்.

முதல் வரியின் எண்களை அந்தந்த எடையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0.379 + 3 × 0.289 + 0.5 × 0.331 = 1.41. அதை அந்த வரியின் எடையான 0.379-ஆல் வகுத்தால் 3.72. மூன்றுக்கு மூன்று அட்டவணையில் எந்த வரியில் போட்டாலும் இதே எண்தான் வரும். பெரியதில் எல்லா வரிக்கும் போட்டுச் சராசரி எடுங்கள். பதில்கள் துளியும் முரணாமல் இருந்தால் சரியாக 3 வந்திருக்கும். கூடுதலாக வந்த 0.72-ஐ இரண்டால் (எண்ணிக்கையில் ஒன்று குறைவு) வகுத்தால் 0.36. அதை 0.58-ஆல் வகுத்தால் 0.62. இந்த 0.58 சாட்டியின் பட்டியலில் மூன்றுக்கு உரிய எண். கண்ணை மூடிக்கொண்டு பதில் போட்டால் சராசரியாக எவ்வளவு முரண் வரும் என்பதைக் காட்டுவது. நான்குக்கு 0.90, ஐந்துக்கு 1.12.

விடை 0.10-க்குள் இருந்தால் சரி. நமக்கு வந்தது 0.62.

உடனே எண்ணைத் திருத்தத் தோன்றும். திருத்த வேண்டாம், ஆளிடம் கேளுங்கள். நான் கேட்டேன்.

"முதல் கூடுனா தவணை கூடும்ல? அதான் முதலுக்கு 2 சொன்னேன்."

"காத்துக்கு 2 ஏன் மதினி?"

"கார்த்திகையில கையில காசு வரலைன்னா தவணை எங்கருந்து கட்ட?"

விஷயம் அங்கேதான் இருந்தது. தவணை என்ற ஒரே பயம் இரண்டு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. 'முதல்' என்று நான் எழுதியது ஆரம்பச் செலவை, அவர் கேட்டதோ கடன் பாரத்தை. பெயர் வைத்ததில் தப்பு என்னுடையது. முதல் என்றால் ஆரம்பத்தில் கையைவிட்டுப் போகிற காசு மட்டும், தவணைக் கவலை முழுக்கக் காற்றில் சேர்த்தி என்று பிரித்துச் சொன்னதும் பதில் மாறியது. வருமானம் முதலைவிட 3, காற்று வருமானத்தைவிட 2, இரண்டும் பழையபடியே. ஆனால் இப்போது காற்று முதலைவிட 5. மறுபடி கணக்குப் போட்டால் எடைகள்: வருமானம் 0.309, முதல் 0.109, காற்று 0.582. முரண் 0.01-ஐக்கூடத் தொடவில்லை.

படி 5: தொழில்களை ஒப்பிடுங்கள்

இதே வேலையை ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு தடவை செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் விரிக்கிறேன், காற்று. பாசி 45 நாளில் அறுப்புக்கு வரும், ஆனால் வாடைக்காற்று அடிக்கும்போது வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) மிதவை தாங்காது. கருவாட்டுக்கு மழை எதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் வேறு, மீன் வரத்து குறையும். (அப்போதுதான் கருவாட்டுக்கு விலை ஏறும், அது வேறு கதை.) ஓலையை மழையில் நனையாமல் எடுத்து வைத்தால் வீட்டுக்குள் உட்கார்ந்து முடையலாம். ஆகவே ஓலை பாசியைவிட 7, கருவாட்டைவிட 4, கருவாடு பாசியைவிட 2.

மற்ற இரண்டும் இதே போலத்தான். வருமானத்தில் பாசி கருவாட்டைவிட 2, ஓலையைவிட 4, கருவாடு ஓலையைவிட 2. முதல் குறைவில் ஓலை கருவாட்டைவிட 3, பாசியைவிட 5, கருவாடு பாசியைவிட 2.

| | வருமானம் (0.309) | முதல் (0.109) | காற்று (0.582) | மொத்தம் |
|---|---|---|---|---|
| பாசி | 0.571 | 0.122 | 0.098 | 0.247 |
| கருவாடு | 0.286 | 0.230 | 0.187 | 0.222 |
| ஓலை | 0.143 | 0.648 | 0.715 | 0.531 |

மொத்தம் வந்த விதம்: ஒவ்வொரு கட்டத்தையும் மேலே உள்ள எடையால் பெருக்கிக் குறுக்கே கூட்ட வேண்டும். பாசிக்கு 0.176 + 0.013 + 0.057.

படி 6: ஆட்டிப் பாருங்கள்

ஓலை ஜெயித்துவிட்டது என்று நோட்டை மூடிவிடாதீர்கள். வருமானமும் காற்றும் இடம் மாறினால் என்ன ஆகும்? வருமானத்துக்கு 0.582, காற்றுக்கு 0.309 என்று போட்டேன். பாசி 0.376, ஓலை 0.375, கருவாடு 0.249. பாசி முந்திவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் மேல், நன்றாகவே மேல் என்று வாயால் சொன்னதிலிருந்து வந்த எண்களில் மூன்றாவது தசமத்துக்கு என்ன மரியாதை? அதைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழு நிஜமாகப் பேச வேண்டியது பாசியா ஓலையா என்பதை அல்ல, மழைக்காலத் தவணை பெரிதா மாத வருமானம் பெரிதா என்பதை. கருவாடு இரண்டு கணக்கிலும் கடைசி. அந்தப் பேச்சையாவது அன்றோடு விட்டார்கள்.

பல பேர் பதில் சொன்னால்

குழுவில் எல்லாரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் குரல் பெரியவர் பதில்தான் வரும். பதில்களைச் சேர்க்கும்போது சாதாரணச் சராசரி கூடாது. ஒருவர் பாசிக்கு 4 என்கிறார், இன்னொருவர் நேர் எதிராக 1/4 என்கிறார் என்று வையுங்கள். நியாயமாக இது 1, அதாவது சமம். கூட்டி இரண்டால் வகுத்தால் 2.125 வந்து பாசி சும்மா ஜெயித்துவிடும். பெருக்கி மூலம் எடுங்கள்: இரண்டு பேருக்கு வர்க்கமூலம், பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டாம் மூலம். எக்செல்லில் ஜியோமீன் என்ற சூத்திரம் இதையே செய்யும்.

கிளம்பும்போது மதினி, "நண்டு வளக்குறதையும் சேத்துப் பாப்பமா?" என்றார். சேர்க்கலாம். ஒவ்வொரு அளவுகோலுக்கும் கேள்வி மூன்றிலிருந்து ஆறாகும். இன்னொன்றும் உண்டு: புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழைய மூன்றின் வரிசையே தலைகீழாகலாம். 1983-ல் பெல்ட்டன், கியர் என்ற இருவர் இதைச் சுட்டிக்காட்டினார்கள், சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதனால் போட்டியில் யார் யார் என்பதைக் கேள்வி தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நண்டுக்காக நாங்கள் புதுப் பக்கம் எடுத்து முதல் கேள்வியிலிருந்து போட்டோம்.