டிவிடி ஓடவில்லையா? ரீஜன் கோடு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொரொன்டோவில் இருக்கும் அக்கா ஊருக்கு வந்தபோது, பிள்ளைகளுக்கென்று ஒரு டிவிடி செட் வாங்கிவந்தார். தட்டைப் போட்டால் ‘ரீஜன் தவறு’ என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. துணியால் துடைத்துப் போட்டேன். லென்ஸைச் சுத்தம் செய்யும் தட்டு வாங்கி ஓட்டினேன். மறுபடியும் அதே வரிதான். பலரும் செய்கிற முதல் தவறு இது: தட்டில் கோளாறு என்று நினைப்பது. கோளாறே இல்லாத தட்டைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அடியில், சின்ன பூமி உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். அதுதான் ரீஜன் கோடு. அமெரிக்கா, கனடாவுக்கு 1. மேற்கு ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகளுக்கு 2. சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்காவுக்கு 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு 5. சீனாவுக்கு 6. ஒரே படம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு தேதியில் தியேட்டருக்கு வந்த காலத்தில், ஓரிடத்துத் தட்டு இன்னோரிடத்து வசூலைக் கெடுக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்கள் போட்ட பூட்டு இது. எண்ணுக்குப் பதில் ‘ஆல்’ என்று இருந்தால் பூட்டு இல்லை. வெளிநாட்டு விற்பனைக்கென்று வந்த தமிழ்ப் படத் தட்டுகள் பல அப்படித்தான் இருந்தன.

அடுத்த தவறுதான் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கிறது. ரீஜனும் டிவி சிஸ்டமும் (டிவியில் படம் காட்டும் முறை) ஒன்று என்று நினைத்துக்கொள்வது. எங்கள் பிளேயரில் ரீஜன் பூட்டை எடுத்த பிறகும் அக்காவின் தட்டில் சத்தம் தெளிவாக வந்தது, படம் மட்டும் கறுப்பு வெள்ளையாக உருண்டது. அது வட அமெரிக்க முறையான என்டிஎஸ்சி தட்டு: 480 வரிகள், நொடிக்கு ஏறக்குறைய 30 படம். நம் ஊர் முறை ‘பால்’: 576 வரிகள், நொடிக்கு 25 படம். பிளேயர் மெனுவில் ‘டிவி டைப்’ என்ற இடத்தில் மல்டி என்று மாற்றியதும் நிறம் வந்துவிட்டது. ஜப்பானும் இங்கிலாந்தும் ஒரே ரீஜன் 2, ஆனால் ஜப்பான் என்டிஎஸ்சி, இங்கிலாந்து பால். ஆகவே அட்டையில் இரண்டையும் பார்க்க வேண்டும். தட்டு அடியோடு ஓட மறுத்தால் ரீஜனைச் சந்தேகியுங்கள். ஓடியும் படம் கெட்டால் டிவி சிஸ்டத்தை.

பூட்டை எடுப்பதிலும் அவசரம் கூடாது. பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினாலே போதும். ஆனால் அந்த வரிசை மாடலுக்கு மாடல் மாறும். பூட்டை எடுக்க வேறு மாடலின் ஃபர்ம்வேரை (பிளேயரை இயக்கும் உள் மென்பொருளை) ஏற்றினால் பிளேயரே செத்துப்போகலாம். அப்புறம், சில ரீஜன் 1 தட்டுகள் எல்லா ரீஜனும் திறந்திருக்கும் பிளேயரைக் கண்டுபிடித்து ஓட மறுக்கும். அப்போது பிளேயரைக் குறிப்பாக 1 என்று வைத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் டிரைவில் இன்னும் கவனம் தேவை. 2000-க்குப் பிறகு வந்த டிரைவ்களில் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும். ‘மாற்றவா?’ என்று கேட்கும்போதெல்லாம் சரி, சரி என்று அழுத்திவிட்டால், ஐந்தாவது முறை வைத்த எண்ணிலேயே டிரைவ் நின்றுவிடும். எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே பதிந்திருப்பதால், விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினாலும் பலன் இல்லை.

புளூ-ரே பிளேயரில் டிவிடி பூட்டை எடுத்தால் புளூ-ரே தட்டும் ஓடும் என்று நம்பாதீர்கள். அதற்கு ஏ, பி, சி என்று தனிப் பூட்டு, இந்தியா சி.

அமெரிக்காவிலிருந்து டிவிடி ரெக்கார்டர் (டிவி நிகழ்ச்சியைத் தட்டில் பதியும் பெட்டி) கொண்டுவர நினைப்பவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ரீஜனை எப்படியோ சமாளித்தாலும், அதன் டியூனர் அந்த ஊர் ஒளிபரப்புக்கானது. நம் சேனலைப் பிடிக்காது. 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும்.

கடைசியாக, வீட்டில் பதிந்த தட்டு. அதற்கு ரீஜன் கோடே கிடையாது. கல்யாண வீடியோவைக் கனடாவுக்கு அனுப்பி, அங்கே ஓடவில்லை என்று போன் வந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, பதிந்து முடித்தபின் ரெக்கார்டர் மெனுவில் ‘ஃபைனலைஸ்’ (தட்டை மற்ற பிளேயர்களும் படிக்கும்படி முடித்துவைப்பது) கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். அப்படி விட்ட தட்டை மற்ற பிளேயர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை. இன்னொன்று, தட்டு பால் முறையில் இருக்கும். நம் ஊர்ப் பிளேயர்கள் பல இரண்டு முறையையும் காட்டிவிடும், வட அமெரிக்கப் பிளேயர்கள் பல ‘பால்’ முறையை ஏற்காது. அங்கே அனுப்பும் பிரதியை மட்டும் என்டிஎஸ்சியில் போட்டுத் தரச் சொல்லி வீடியோக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.