நன்றிக் குறிப்பேடு எழுதும் முறை

‘நன்றி’ என்ற சொல் பழந்தமிழில் ஒருவர் நமக்குச் செய்த நன்மையைக் குறித்தது. அதை நினைவில் வைத்திருப்பதற்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். வாயால் சொல்வதற்கு முன் மனத்தால் அறிய வேண்டும் என்பது அந்தத் தொடரிலேயே இருக்கிறது. பிறர் செய்த நன்மைகளை அவ்வப்போது எழுதி வைக்கும் நன்றிக் குறிப்பேடு என்பது இந்த அறிதலுக்கான பயிற்சியே.

இதனால் எழுதுபவருக்குப் பலன் உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் தாங்கள் நன்றி பாராட்டும் செய்திகளில் ஐந்து வரை வாரந்தோறும் எழுதினர். இன்னொரு பிரிவினர் அந்த வாரத்தில் எரிச்சலூட்டியவற்றை எழுதினர். முதல் பிரிவினர் வாழ்க்கையில் கூடுதல் நிறைவும், குறைவான உடல் உபாதைகளும் இருந்ததாகத் தெரிவித்தனர். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், நரம்புத்தசை நோயுள்ளவர்கள் 21 நாட்கள் எழுதியபோது உறக்கமும் மேம்பட்டதாகக் கூறினர்.

தொடங்குவதற்கு ஒரு சாதாரண நோட்டும் வாரத்தில் பத்து நிமிடமும் போதும். நாள்தோறும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அது விரைவில் கடமையாகிவிடுகிறது. நான் அப்படித்தான் தொடங்கினேன். ‘குடும்பம், உடல்நலம், வேலை’ என்ற மூன்று சொற்களையே பத்து நாட்கள் திரும்பத் திரும்ப எழுதிவிட்டு நோட்டை மூடினேன். பொதுச் சொற்களில் மனம் ஒட்டாது என்பது பிறகுதான் புரிந்தது.

ஆகவே ஒவ்வொரு குறிப்பிலும் யார், என்ன செய்தார், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்ற மூன்றும் இருக்கட்டும். ‘பால் கிடைத்தது’ என்று எழுதுவதைவிட, ‘மழையால் பால் வண்டி தாமதமாக வந்த அன்று, வீட்டில் குழந்தை இருப்பது தெரிந்து, கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு, எங்களுக்காக ஓர் அரை லிட்டர் பாக்கெட்டைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு வைத்திருந்தார் தெருமுனைக் கடைக்காரர்’ என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும், அது நடக்காமல் போயிருந்தால் அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். பழகிப்போனதால் கண்ணில் படாத உதவி, இப்படி எண்ணும்போது மீண்டும் தெரியத் தொடங்கும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நமக்குத் தீங்கு செய்தவரிடம் நன்றி தேட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர் தரும் சிகிச்சைக்கு மாற்றாகவும் இந்தப் பயிற்சியைக் கொள்ளக்கூடாது.

சில வாரங்கள் எழுதிய பின், குறிப்பேட்டில் உள்ள ஒருவரிடம் அதை நேரில் சொல்லுங்கள். நன்றிக் கடிதம் எழுதுவோர், பெறுபவருக்கு ஏற்படும் சங்கடத்தை மிகையாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணிக்கின்றனர் என்பதை 2018இல் அமெரிக்க ஆய்வாளர்களான அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் ஆய்ந்து காட்டினர். நம் வீடுகளில் தயக்கம் இன்னும் கூடுதல். தாயிடமோ உடன்பிறந்தாரிடமோ ‘நன்றி’ என்றால் அது அந்நியரிடம் பேசுவதுபோல் ஒலிக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அவர் செய்ததை மட்டும் சொன்னால் போதும்.

“பிளஸ் டூ பரீட்சை சமயத்தில் விடிகாலை நாலு மணிக்கு என்னை எழுப்பிவிட்டு, நான் திரும்பத் தூங்கிவிடக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பூ கட்டினாயே, அது எனக்கு மறக்கவில்லை அக்கா” என்று பல ஆண்டுகள் கழித்து என் அக்காவிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நாலு மணிக்கு நான் எங்கே எழுந்தேன்? நீ பாஸாகணுமே என்று ராத்திரி முழுக்கத் தூக்கமே வராது, அதனால்தான் அத்தனை பூ கட்டினேன்” என்றாள்.