செட்டிநாட்டுக்குப் போகிறீர்களா? சாவி யாரிடம் என்று முதலில் கேளுங்கள்

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளைச் செட்டிநாட்டுக்கு அழைத்துப்போக நினைக்கிறவர்கள் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஊர் வீட்டுச் சாவி இப்போது எந்தப் பங்காளி கையில் இருக்கிறது, உங்களுக்காக அதைத் திறந்துவிட அவர் பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறார் என்று போனில் பேசித் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். "வாங்க வாங்க, நம்ம வீடுதானே" என்று வாட்ஸ்அப்பில் வரும் பதில் போதாது. மெல்பர்னிலிருந்து கிளம்பும்போது எங்களுக்கு வந்ததும் அதே பதில்தான்.

போக்குவரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வந்தால் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். தை, மாசி நல்லது.

இப்போது அங்கே கதை சொல்லிக் காட்டும் சுற்றுலா நன்றாகவே நடக்கிறது. காரைக்குடி, கானாடுகாத்தான், கடியாபட்டி என்று பழைய வீடுகள் ஹோட்டலாகியிருக்கின்றன. அங்கே தங்கினால் ஊரைச் சுற்றிக் காட்ட ஆளும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். கானாடுகாத்தான் அரண்மனையைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், ஆத்தங்குடியில் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு பெரிய வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். அதே ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காய விடுகிறார்கள். காய்ந்ததும் கண்ணாடியிலிருந்து கல் பிரிகிறது, அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இருக்கிறது. போன் இல்லாமல் பத்து நிமிஷம் உட்காராத என் மகன் அங்கிருந்து எழுந்திருக்கவே மறுத்துவிட்டான்.

சுற்றிக் காட்டுகிறவர்கள் சொல்லும் கதை எங்கே நின்றுபோகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர், எல்லாம் உண்மை. "இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?" என்று என் மகள் கேட்டபோது "வியாபாரம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த கட்டுக்கு நடந்துவிட்டார் எங்களைக் கூட்டிப்போனவர். அந்த இடத்தில் கதையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் பர்மாவில் நெல் பயிரிட்டவர்களுக்கு நம் ஆட்கள் கடன் கொடுத்தார்கள். 1930 வாக்கில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனபோது அடமான நிலமெல்லாம் நம் கைக்கு வந்தது, 1930களின் கடைசியில் அங்கே முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் வசம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கும் அவன் ஊரில் ஒரு வீடு இருந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது நம் ஆட்கள் பலர் நடந்தே ஊருக்கு ஓடிவந்தார்கள். பின்னால் சுதந்திர பர்மா நிலத்தை அரசுடைமை ஆக்கியது. இந்தத் தூண்களுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஆண்கள் மூன்று வருஷக் கணக்கில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய்விட, வீட்டையும் வரவு செலவையும் கல்யாணம் காரியங்களையும் பெண்கள் தனியாக நடத்தினார்கள் என்பதும் நான் கேட்ட எந்தச் சுற்றுலாவிலும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. மங்குச் சட்டி (எனாமல் பூசியது), பித்தளைப் பாத்திரம், கதவு, தூண், சாமி படம், எது வேண்டுமானாலும் கிடைக்கும். எதையும் வாங்கும் முன் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தது, பெயருக்கு முன்னால் போடும் விலாச எழுத்துகள் வெட்டியிருக்கும். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. அதற்குப் பிறகும் வீடுகள் இடிபட்டுத் தேக்காகவும் கல்லாகவும் பிரிந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஏன் இடிபடுகின்றன என்று வெளியாட்கள் கேட்பார்கள். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்குதாரர்கள், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் நியூஜெர்சியில், ஒருவர் என்னைப் போல ஆஸ்திரேலியாவில், மழைக்கு ஒழுகும்போது மட்டும் யாரும் இல்லை. அதனால்தான்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

எங்கள் வீட்டுச் சாவி என் பெரியப்பா மகனிடம் இருக்கிறது. காரைக்குடியில் இருக்கிறார், எனக்கு அண்ணன் முறை. போய் இறங்கிய மறுநாள் பலகாரமும் காபியும் கொடுத்து, பிள்ளைகளோடு நன்றாகப் பேசிவிட்டு, "ஒரு கையெழுத்துதான் ஆத்தா, போட்டுட்டா சாவியை வாங்கிட்டுப் போய் எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க" என்றார். வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறார்கள், வாங்குகிறவரின் வக்கீல் மகள்களின் கையெழுத்தும் வேண்டும் என்கிறார், என் பங்கை விட்டுக்கொடுத்து நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் வழக்கத்தில் மகளுக்கு வீட்டில் அறை கிடையாது. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி இருக்கும் அறையெல்லாம் கல்யாணமான மகன்களுக்கு, புள்ளிக்கு (ஒரு கணவன் மனைவிக்கு) ஒன்று. சட்டம் வேறு. 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பெண்களே, ஊருக்குப் போனால் உங்களிடமும் இந்தத் தாளை நீட்டுவார்கள். நீட்டுவது பெரும்பாலும் உங்கள் மேல் பாசம் உள்ளவராகத்தான் இருப்பார், அதுதான் கஷ்டம்.

நான் ஒப்புக்கொண்டேன். எனக்குப் பணம் வேண்டாம், பிள்ளைகளுக்கு அந்த வளவைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். காலையில் ஒன்பதரைக்கெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தோம். பத்திர எழுத்தர் எல்லாம் தயாராக வைத்திருந்தார். முதலில் பெயரில் நின்றது. பழைய பத்திரத்தில் அப்பச்சி (என் அப்பா) பெயருக்கு முன்னால் ஐந்து எழுத்து விலாசம். என் பான் கார்டில் அதில் ஒரே எழுத்து. பாஸ்போர்ட்டிலும் ஓசிஐ அட்டையிலும் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியருக்குத் தருவது) கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். அது நியாயமான கேள்வி. இதை எல்லாரும் வெளிநாட்டிலிருந்து கிளம்பும் முன்பே சரிபார்த்து, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதற்கு உறுதிமொழிப் பத்திரமோ சான்றோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றும் பள்ளி டிசியும் கையில் இருந்தால் பாதி வேலை குறையும்.

நோட்டரி ஒருவரைத் தேடிப் பிடித்து உறுதிமொழி எழுதி வாங்கி வந்தபோது சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். வாரிசுச் சான்றை எடுத்துப் பார்த்தவர் இரண்டு தடவை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அம்மா பெயர் இருக்கிறது, தம்பி பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. அப்பச்சி தவறியபோது வட்டாட்சியர் அலுவலகத்தில் யாரோ போய் எழுதிக் கொடுத்தது. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், அவளை எதற்கு அலைக்கழிப்பது என்று விட்டிருக்கிறார்கள். "இதன்படி நீங்க வாரிசே இல்லம்மா, எதை விடுதலை பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். குரலில் கடுமை எதுவும் இல்லை. எனக்குத்தான் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. சொத்தை விட்டுக்கொடுக்க வந்த எனக்கு, அந்த அப்பாவுக்கு மகளாகவே தாளில் இடமில்லை. அப்பச்சியின் காரியத்துக்கு நான் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். மகளைக் கேட்காமலே எழுதிவிடலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இறந்த அப்பா, அம்மாவின் வாரிசுச் சான்றை உடனே ஒரு நகல் வாங்கிப் பாருங்கள். ஊரில் இருக்கும் தம்பியோ அண்ணனோ போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். பெயர் விட்டுப்போயிருந்தால் திருத்த மனுக் கொடுக்க நாளாகும், விடுமுறைக்கு வந்த இடத்தில் அது முடியாது.

திரும்பும் வழியில் காரில் அண்ணன் பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "நீங்கல்லாம் கதை கேக்க வர்றீங்க, நான் வருஷா வருஷம் ஓடு மாத்துறேன்" என்றார். கோபத்தில் சொன்னாரா, அலுப்பில் சொன்னாரா, தெரியவில்லை. சொன்னது உண்மை. ஓடு மாற்றியது, கரையான் மருந்தடித்தது, கோயில் புள்ளி வரியை எங்களுக்கும் சேர்த்துக் கட்டியது, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு நாங்கள் வராதபோது எங்கள் பங்கையும் எடுத்துச் செய்தது, எல்லாம் அவர். கையெழுத்துக்குச் சாவி என்று பேரம் பேசியதற்காக அவர் மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. இதையெல்லாம் செய்தவர் என்பதும் மறக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே உள்ளே போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் மகன் கையில் கொடுத்தார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா விளக்கோடு வந்து முகப்புக் கதவைத் திறந்தார். அவருடைய மாமியாரும் இதே வீட்டில்தான் வேலை பார்த்தார். அதற்கு முன் காசு கொடுத்துக் கேட்ட எந்தக் கதையும் அவர் அன்றைக்குச் சொன்னதற்குப் பக்கத்தில் வராது. இது உங்க அப்பத்தா அறை, இந்த மூலையில் மாவு இடிப்பாங்க, சம்பந்திச் சண்டையில் உங்க ஐயா சாப்பிடாம உக்காந்திருந்தது இந்தப் பட்டாலையில, பலகாரம் திருடின பிள்ளைகளை நிக்க வச்சது இந்தத் தூண்ல. என் மகள் தூண் தூணாகப் போய்த் தொட்டுப் பார்த்தாள். அந்த அம்மா என்னிடம் "ஆச்சி, வேலைக்காரங்க வர்ற வாசலைக் காட்டவா?" என்று கேட்டு, பின்கட்டு வழியாகக் கூட்டிப்போய், தானும் தன் மாமியாரும் எந்த வாசலோடு நிற்க வேண்டியிருந்தது என்பதையும் அவரே சொன்னார். பிள்ளைகள் அவரிடம் கேட்ட கேள்விகளை ஹோட்டல் சுற்றுலாவில் யாரிடமும் கேட்கவில்லை.

அதனால் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். காவல் பார்ப்பவர், பழைய கணக்குப்பிள்ளை வீட்டு ஆள், கல்யாணத்துக்குச் சமைத்த சமையல்காரர். அவர்களைத் தேடிப்பிடியுங்கள். வீட்டைப் பற்றிப் பொதுவாகக் கேட்டால் "பெரிய வீடு, நல்லா வாழ்ந்தாங்க" என்பதோடு நின்றுவிடும். இடத்தைக் காட்டிக் கேளுங்கள்: இங்கே யார் படுப்பார்கள், இந்த அறை ஏன் பூட்டியே கிடக்கிறது, பிள்ளையார் நோன்புக்கு எங்கே உட்காருவார்கள், கடைசிக் கல்யாணத்துக்கு எத்தனை நாள் அடுப்பு எரிந்தது. போனில் பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பணம் அவர் கையிலேயே கொடுங்கள், பங்காளி மூலம் அனுப்பாதீர்கள். சுற்றுலா வழிகாட்டிக்குக் கொடுப்பதற்குக் குறையாமல் கொடுங்கள்.

முடிந்தால் படைப்புக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ தேதி பார்த்துப் போங்கள். அப்போது எல்லா அறையும் திறந்திருக்கும், சாவிக்குக் கெஞ்ச வேண்டாம், கதை சொல்ல ஆச்சிமார் இருப்பார்கள். அவர்களும் இப்போது சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள், வருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

என் கையெழுத்து இன்னும் பாக்கி. அங்கிருந்தே பவர் பத்திரம் (என் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம்) கொடு என்று அண்ணன் கேட்டிருக்கிறார். உங்களிடமும் கேட்டால்: பொதுப் பவர் கொடுக்காதீர்கள், இந்தச் சொத்து, இந்த ஒரு வேலை என்று குறிப்பிட்ட சிறப்புப் பவர் மட்டும். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் சிக்கல். கையெழுத்துப் போடப் போவதில்லை என்றால் அதையும் ஊருக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். சாவி கிடைக்காமல் போகலாம், ஆனால் பிள்ளைகளை ஒரு நாள் முழுக்க மரத்தடியில் உட்காரவைக்க வேண்டியிருக்காது.

வருகிற தேதியைப் பங்காளியிடம் சொல்லும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் தனியாகப் போன் பண்ணிச் சொல்லுங்கள். அவருக்கும் நூறு நாள் வேலை, மகள் வீடு, ஆஸ்பத்திரி என்று ஆயிரம் இருக்கும், உங்களுக்காக அன்றைக்கு அவர் ஊரில் இருக்க வேண்டும்.