மூணும் ஒரே சாம்பல்தானே? இல்லை!

ஷேடு கார்டில் அடுத்தடுத்த கட்டங்களில் மூன்று கிரே. "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார் பெயிண்டர். காரைக்குடி வீட்டு உள்ளறைக்கு ஒன்றைக் கைகாட்டினேன். அடித்து முடித்ததும் அப்பத்தா எட்டிப் பார்த்து, "சாம்பல்னு சொன்ன, கத்திரிப்பூவால்ல இருக்கு?" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டாம் தடவை செய்த முறை இது.

முதலில், ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் வெள்ளைத் தாளை வையுங்கள். நீலமோ பச்சையோ ஊதாவோ மண்பழுப்போ, உள்ளே ஒளிந்திருக்கும் சாயல் தெரியும். தெரியாவிட்டால் அதே வரிசையின் அடர்ந்த ஷேடைப் பாருங்கள், அது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு ஷேடிலும் இருப்பதிலேயே சின்ன சாம்பிள் டப்பா வாங்குங்கள். பழைய சுவரில் அடிக்காதீர்கள், அந்த மஞ்சள் கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை அட்டையில், ஓரம் ஒரு அங்குலம் விட்டு இரண்டு கோட். காயும் வரை தீர்ப்பு வேண்டாம்.

இனிதான் முக்கியம். அட்டையைத் தரையை ஒட்டி நிறுத்துங்கள். எங்கள் அறையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல். வளவிலிருந்து, அதாவது வீட்டு நடுமுற்றத்திலிருந்து, வரும் வெயில் அதில் பட்டுச் சுவரில் ஏறுகிறது. நான் முதல் தடவை எடுத்ததோ நீலச் சாயல் கிரே. நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் கத்திரிப்பூதானே! மண்பழுப்புச் சாயல் அட்டை மட்டும் அதே இடத்தில் சாம்பலாகவே நின்றது. தேக்குக் கதவோரமும் வைத்துப் பாருங்கள். காலை எட்டு மணி, உச்சி வெயில், விளக்கேற்றிய பிறகு என்று மூன்று வேளையும் பார்க்க வேண்டும். பல்பை முன்பே முடிவு செய்யுங்கள்: 6500 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு) வெள்ளை வெளிச்சம் நீலத்தைத் தூக்கிவிடும், 2700 மஞ்சளை.

உள்ளறை இருட்டு என்றால் எல்.ஆர்.வி. எண்ணையும் கேளுங்கள், நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்ற அளவு அது. கருப்பு 0, வெள்ளை 100. நான் 60-க்குக் கீழே போகவில்லை.

முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய பழைய சுண்ணாம்புச் சுவரா? பட்டி, பெயிண்ட் எதுவும் வேண்டாம், துணியால் துடைத்து அப்படியே விடுங்கள். அந்தப் பளபளப்பு போனால் எளிதில் திரும்ப வராது.

பெயிண்டைக் கணக்குப் போட்டு ஒரே தடவையில் வாங்கி, எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலக்கச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் இம்மி மாறலாம். பாதிச் சுவரில் தீர்ந்துபோய் மறுபடி வாங்கினால், ஒட்டுப் போட்ட இடம் பளிச்சென்று தெரியும்.