புது கேம் கன்சோல் வாங்கப் போகிறீர்களா? இதையெல்லாம் முன்கூட்டியே முடித்து வையுங்கள்

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது பட்ட பாடு நினைவிருக்கிறதா? தட்டுப்பாடு தீரவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அப்போது நான் கடையின் தளத்தில் முகவரியை டைப் செய்து, கார்டு எண்ணைத் தேடி எடுத்து, ஓடிபிக்குக் காத்திருந்த நேரத்தில் கூடையில் இருந்த கன்சோல் காணாமல் போனது. வயிறு எரிந்தது. அதனால் சொல்கிறேன்: முகவரி, கார்டு விவரம் எல்லாவற்றையும் விற்பனைக்கு முந்தின நாளே கடையின் தளத்தில் உங்கள் கணக்கில் பதிந்து, லாகின் செய்தே வைத்திருங்கள். கிடைக்கவில்லை என்றால் இரட்டை விலைக்கு விற்பவர்களிடம் போகாதீர்கள். அடுத்த ஸ்டாக் வரும்.

மெமரி கார்டையும் பார்த்து வாங்குங்கள். 2025 ஜூன் 5 அன்று வந்த நின்டெண்டோ சுவிட்ச் 2 கன்சோலில், பழைய சாதாரண மைக்ரோஎஸ்டி கார்டில் கேமைச் சேமிக்க முடியாது. அதைவிட வேகமான மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சீல் பிரிக்காமல் கொடுக்காதீர்கள். பெட்டியைத் திறந்ததும் 'அப்டேட் ஆகிறது' என்ற நீலக் கோடு மெல்ல நகர்வதைக் குழந்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாவம், அந்த முகத்தைப் பார்க்கவே முடியாது. முந்தின ராத்திரி அவர்கள் தூங்கியபின் எடுத்து, நெட்டில் இணைத்து, சிஸ்டம் அப்டேட்டையும் கேம் டவுன்லோடையும் முடியுங்கள். கன்ட்ரோலரை முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். பிறகு பழையபடி பெட்டியில் வைத்து, காகிதம் சுற்றிவிடுங்கள்.