ரீமேக் பேய்ப்படம் எங்கே சறுக்கியது? நோட்டும் பேனாவும் வைத்துக் கண்டுபிடிக்கலாம்

பேய்ப்படம் பார்த்து முடித்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றும். எது என்று கேட்டால் சொல்ல வராது. நடிப்பா, கேமராவா, திரைக்கதையா? பிரித்துப் பார்க்கப் பழக, ஒரே கதையை இரண்டு முறை எடுத்திருந்தால் வசதி. நான் எடுத்துக்கொண்டது 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்'. 1984இல் வெஸ் கிரேவன் எழுதி இயக்கியது ஒன்று, 2010இல் சாமுவேல் பேயர் இயக்கிய ரீமேக் இன்னொன்று. கதையை முழுசாகப் போட்டு உடைக்கப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: பழைய படத்தில் பயம் எங்கிருந்து வருகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். "பேய் வருகிறது" என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இங்கே சரியான வரி இது: தூங்கினால் சாவு, ஆனால் தூங்காமல் யாராலும் இருக்க முடியாது. இளைஞர்களின் கனவில் வரும் கொலைகாரப் பேய் ஃப்ரெடி க்ரூகர். அவன் கனவில் கொன்றால் நிஜத்திலும் உயிர் போகிறது.

படி 2: திரைக்கதையோடு சம்பந்தமில்லாத புகார்களைத் தனியாக ஒதுக்குங்கள். கதாநாயகி நான்சியின் படுக்கைக்கு மேலே சுவரிலிருந்து ஃப்ரெடி பிதுங்கி வரும் காட்சியைப் பழைய படத்தில் இழுபடும் துணியை வைத்தே எடுத்தார்கள், இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ரீமேக்கில் அதே காட்சி கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ், சப்பென்று இருக்கிறது. ஆனால் அது எழுத்தின் குற்றம் இல்லை. ரீமேக்கில் ஃப்ரெடியாக வரும் ஜாக்கி எர்ல் ஹேலி, நான்சியாக வரும் ரூனி மாரா இருவரும் நல்ல நடிகர்கள். ரீமேக்கின் திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவரான எரிக் ஹைசரர் பின்னாளில் 'அரைவல்' படத்துக்காக ஆஸ்கார் பரிந்துரை பெற்றவர். அதனால் 'எழுதத் தெரியாதவர்கள்' என்று சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

படி 3: கதாநாயகி செய்வதையெல்லாம் வினைச்சொற்களாக எழுதுங்கள். பழைய நான்சி கட்டிலுக்கு அடியில் காபியை ஒளித்து வைக்கிறாள், வீடெங்கும் பொறி வைக்கிறாள், கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொண்டு வேண்டுமென்றே தூங்கப் போகிறாள். புது நான்சியும் கடைசியில் ஃப்ரெடியை நிஜ உலகத்துக்கு இழுத்து வருகிறாள்தான். அதுவரை? தேடுகிறாள், கேட்கிறாள், பழசை நினைவுபடுத்திப் பார்க்கிறாள். பட்டியலைப் பார்த்தாலே யார் மேல் நமக்கு அக்கறை வரும் என்று தெரியும்.

படி 4: இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ரீமேக் புதிதாகக் கொண்டுவந்தது என்ன, அதைக் கடைசிவரை காப்பாற்றியதா?

இங்கே புதுசு இரண்டு. பல நாள் தூங்காதவர்களின் மூளை, விழித்திருக்கும்போதே சில நொடிகள் தூங்கிவிடும் என்பது ஒன்று. அருமையான ஆயுதம். மருந்துக்கடையில் நான்சி நடக்கும்போது கடையும் கனவில் ஃப்ரெடி உலவும் கொதிகலன் அறையும் மாறி மாறி வருவது படத்தின் நல்ல இடங்களில் ஒன்று. மற்ற இடங்களில் திடீரென்று தூக்கிப்போடத்தான் இது பயன்படுகிறது.

இன்னொன்று பெரிய விஷயம். பாலர் பள்ளியில் ஃப்ரெடி தங்களிடம் தவறாக நடந்துகொண்டான் என்று சின்னக் குழந்தைகள் சொன்னதை நம்பிப் பெற்றோர்கள் அவனை எரித்துக் கொன்றார்கள். அவன் நிரபராதியாக இருந்தால்? நான்சியின் நண்பன் குவென்டினுக்கு இந்தச் சந்தேகம் வந்து அப்பாவிடமே போய்க் கேட்கிறான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். பழைய படத்தில் இல்லாத கேள்வி, கொலைகாரன் யார் என்பதையே புரட்டிப்போடும் கேள்வி. அப்புறம் அந்தப் பழைய பாலர் பள்ளியின் மறைவான அறையில் அவன் குற்றத்துக்குச் சாட்சியாகப் புகைப்படங்கள் கிடைக்கின்றன. அவன் குற்றவாளியேதான். சந்தேகம் அங்கேயே செத்துப்போகிறது, பெற்றோர்களும் பழியிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள், மிச்சமிருப்பது 1984இல் பார்த்த அதே துரத்தல். அந்தக் கேள்வியை எழுப்பாமலே விட்டிருந்தால்கூட இவ்வளவு ஏமாற்றம் இருந்திருக்காது.

படி 5: சறுக்கிய இடத்தில் விரல் வைத்தாயிற்று. இப்போது அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அறையில் புகைப்படங்கள் இல்லை, ஃப்ரெடி நிரபராதி என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எந்தெந்தக் காட்சி மாற வேண்டும் என்று பத்து வரியில் எழுதுங்கள். ஐந்து வரியில் நின்றுவிட்டாலும் பரவாயில்லை. நான் எழுதிப் பார்த்தபோது முதலில் மாறியது குவென்டினின் அப்பா வரும் காட்சிதான். மகன் கேட்டதும் அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டுகிறார்.