மடிக்கணினியில் அழித்தேன், கிளவுடிலும் போய்விட்டது

அப்பாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவ் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், ஏற்றி வைத்திருந்தேன். மடிக்கணினியில் இடம் போதவில்லை. மேலேதான் பத்திரமாக இருக்கிறதே என்று அந்தக் கோப்புறையை மடிக்கணினியிலிருந்து அழித்தேன். மூன்று வாரம் கழித்து அம்மா ஒரு படம் கேட்டார். போனில் திறந்தால் கோப்புறையே இல்லை. கை நடுங்கிவிட்டது.

காரணம் சிங்க் (sync), அதாவது மடிக்கணினியையும் கிளவுடையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வசதி. அது காப்புப்பிரதி அல்ல, கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

பிரவுசரில் கணக்கைத் திறந்து குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். அத்தனையும் அங்கே இருந்தன! மீட்டெடு என்பதை அழுத்தியதும் பழைய இடத்துக்கே திரும்பின. கூகுள் டிரைவ் குப்பையில் 30 நாள்தான் இருக்கும். எதையாவது காணோம் என்றால் அன்றைக்கே பாருங்கள்.

இப்போது இடம் வேண்டுமென்றால் அழிப்பதில்லை. 'ஆன்லைனில் மட்டும்' என்ற வசதியைத் தேர்ந்தெடுக்கிறேன்; கோப்பு கிளவுடில் இருக்கும், மடிக்கணினியில் இடம் பிடிக்காது. மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல். அக்கா பகிர்ந்த கல்யாணப் படங்களையும் இறக்கி வைத்துக்கொண்டேன். பகிர்ந்தவர் அவற்றை அழித்தால் நமக்கும் கிடைக்காது.